சென்டர் ஸ்பீக்கர் காதைக் குத்துகிறதா? புதியது வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஹோம் தியேட்டர் மாட்டி மூன்றாவது நாள். இரவுச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வாசிப்பவர் "சேலம் மாவட்டம் சங்ககிரியில்" என்று ஆரம்பித்ததும் அப்பா முகத்தைச் சுளித்தார். "காதுல ஊசி குத்துற மாதிரி இருக்குடா. அந்த நடுப்பெட்டிய அணைச்சுட்டு டிவியிலயே வையேன்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். இடது, வலது ஸ்பீக்கர்களில் பாட்டு இனிமையாகக் கேட்டது. யாராவது பேச ஆரம்பித்தால் மட்டும் ஒவ்வொரு 'ச'வும் 'ஸ்ஸ்' என்று சீறியது. படத்தில் வசனத்தில் பெரும்பங்கு அந்த நடுப்பெட்டியான சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும் என்பதால் இதோடு இரண்டு மணி நேரம் உட்கார முடியாது, தலை வலிக்கும்.

கடையில் சொன்னதைக் கேட்டு ஸ்பீக்கரையே மாற்றினேன். பழையதைத் திருப்பிக் கொடுத்ததில் ஒன்பதாயிரம் ரூபாய் போயிற்று. புதியதிலும் அதே சீறல். அதற்கப்புறம் நான்கு மாதம் ஒவ்வொன்றாக முயன்றுதான் விஷயம் பிடிபட்டது. என் வீட்டில் தவறு ஸ்பீக்கரில் இல்லை. அது இருந்த இடத்திலும், கூடத்தின் தரையிலும், ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரில் இருந்த இரண்டு எண்களிலும் இருந்தது. கீழே இருக்கும் வரிசையில் போனால் உங்களுக்கு மூன்று வார இறுதிகள் போதும். முதல் நான்கு படிகளுக்குப் பெரிதாகக் காசு வேண்டாம்.

1. எதையும் தொடுவதற்கு முன் பில்லும் ஒரு நோட்டும்

ஸ்பீக்கரின் ஜிஎஸ்டி பில், வாரன்ட்டி அட்டை, பெட்டியின் பின்னால் இருக்கும் சீரியல் எண் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றித் தருவதற்குக் கடை எத்தனை நாள் கொடுத்திருக்கிறது என்று பில்லிலேயே பாருங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது, வாட்ஸ்ஆப்பிலாவது எழுதி வாங்குங்கள். அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள். என்னிடம் பெட்டி இல்லாததால்தான் திருப்பிக் கொடுக்கும்போது இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள்.

"நூறு மணி நேரம் ஓடட்டும் சார், தானா பழகிடும்" என்று சொல்வார்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பழகுவது பெரும்பாலும் நம் காதுதான். அதற்குள் மாற்றித் தரும் நாட்கள் முடிந்துவிடும்.

அடுத்து, ரிசீவரின் செட்டிங் பக்கங்களை வரிசையாகப் படம் எடுங்கள்: ஸ்பீக்கர் அளவு, கிராஸ்ஓவர், லெவல், தூரம், ஈக்யூ (மேல், கீழ் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி). நோட்டில் தேதி போட்டு, ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும் எழுதுங்கள். ஒரே மாலையில் நான்கு மாற்றங்களைச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. நான் இரண்டு வாரம் வீணடித்தது இப்படித்தான்.

2. தவறு எங்கே என்று கண்டுபிடிக்க மூன்று சோதனைகள்

இதற்குப் பாட்டும் படமும் வேண்டாம். வீட்டில் ஒருவரைப் பேசச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். "சிவகாசி, சேலம், செஞ்சி, சோழிங்கநல்லூர்" என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லட்டும். எங்கள் வீட்டில் மனைவி சொன்னார். தினமும் கேட்கும் குரல் என்பதால் எங்கே பிசகுகிறது என்று காதுக்கு உடனே தெரிந்துவிடும். போன் மைக் அவ்வளவு துல்லியமில்லை என்றாலும், ஒரே பதிவை இரண்டு விதமாகப் போட்டு ஒப்பிடுவதற்கு அது போதும்.

முதல் சோதனை. ரிசீவர் செட்டிங்கில் சென்டர் ஸ்பீக்கரை 'இல்லை' என்று வையுங்கள். பேச்சு இடது வலது ஸ்பீக்கர்களுக்குப் பிரிந்து போய், நடுவிலிருந்து வருவது போலவே கேட்கும். அப்போதும் காது கூசினால் சென்டர் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். தவறு வரும் ஒலியிலோ அறையிலோ இருக்கிறது.

இரண்டாவது சோதனை. சென்டரை மறுபடி இயக்கி, அதன் முன்னால் இரண்டடி தூரத்தில் தரையில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். கிட்டத்தில் நன்றாகவும் சோபாவில் கூர்மையாகவும் இருந்தால் அறைதான் காரணம். கிட்டத்திலேயே கூசினால் ஸ்பீக்கரோ, அது உட்கார்ந்திருக்கும் அலமாரியோ.

மூன்றாவது சோதனை அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும். ஸ்பீக்கரை வெளியே எடுத்து ஒரு ஸ்டூலில், சுவரையும் டிவியையும் விட்டுத் தள்ளி வைத்துக் கேளுங்கள். ஒயர் எட்டாவிட்டால் ஐந்து மீட்டர் ஸ்பீக்கர் ஒயர் வாங்கிக்கொள்ளலாம். ஒயரை மாற்றும்போது ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். சிவப்பு சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். மாறியிருந்தால் கீழ் ஒலியை மட்டும் தரும் சப்வூஃபர் பெட்டியோடு சேரும் இடத்தில் குரலின் அடிப்பகுதி கரைந்து, மேல்பகுதி மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும்.

3. வரும் ஒலியும் ரிசீவரின் எண்களும்

டிவியிலும் செட்டாப் பாக்ஸிலும் 'கிளியர் வாய்ஸ்' போன்ற பெயரில் ஒரு வசதி இருக்கும். அது பேச்சு இருக்கும் அலைவரிசையைத் தூக்கிவிடும். டிவியின் சின்ன ஸ்பீக்கருக்கு அது உதவி, உங்களுக்கு உபத்திரவம். எல்லா இடத்திலும் அணையுங்கள். ரிசீவரிலேயே வசனத்தைத் தூக்கும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள்.

பிறகு சென்டர் லெவல். வசனம் கேட்கவில்லை என்று எல்லோரும் முதலில் செய்வது இதை ஏற்றுவதுதான். என் ரிசீவரில் தானியங்கி அளவீடு (மைக்கை வைத்து ரிசீவரே அறையை அளந்து எண்களைப் போடும் வசதி) வைத்ததைவிட 4 டெசிபல் கூடுதலாக நானே ஏற்றியிருந்தேன். நம் காது 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் மிகக் கூர்மையானது. சென்டரை ஏற்றினால் முதலில் உறைப்பது அந்த இடம். ரிசீவரின் டெஸ்ட் டோன் என்ற சோதனை ஒலியைப் போட்டு, போனில் ஒலி அளக்கும் ஆப்பை வைத்து, மூன்று முன் ஸ்பீக்கர்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆப் காட்டும் எண் சரியா என்று கவலைப்பட வேண்டாம், மூன்றும் ஒன்றாக இருந்தால் போதும்.

மூன்றாவது, கிராஸ்ஓவர். இதை யாரும் கவனிப்பதில்லை. சென்டருக்கு 150 ஹெர்ட்ஸ் என்றோ 200 என்றோ இருந்தால், அதற்குக் கீழே உள்ள ஒலியெல்லாம் சப்வூஃபருக்குப் போய்விடும். ஆண் குரலின் அடிநாதம் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. அந்தக் கனம் வேறு மூலையிலிருந்து வந்தால் நடுவில் மிச்சமிருப்பது மெலிந்த, கூரிய குரல். மேல் ஒலி அதிகமானால் மட்டுமில்லை, கீழ் ஒலி குறைந்தாலும் காது அதைக் 'கூர்மை' என்றுதான் உணரும். ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று வைத்து 80 போடுங்கள். வூஃபர் (பெட்டியில் கீழ் ஒலியைத் தரும் பெரிய கூம்பு) நான்கு அங்குலம் மட்டுமே என்றால் 100. என்னுடையது 150-ல் இருந்தது. 80-க்கு இறக்கிய அன்றே அப்பா "இப்ப மனுஷன் பேசுற மாதிரி இருக்கு" என்றார்.

இன்னொன்று: டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் 'சினிமா ஈக்யூ' என்று ஒன்று உண்டு. படங்களின் மேல் ஒலியை அது மெதுவாகக் குறைக்கும். திரையரங்குகளை எக்ஸ் கர்வ் என்ற கணக்கில் ஒலியமைப்பார்கள். அதன்படி அங்கே 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி படிப்படியாகச் சரியும். அப்படிப்பட்ட அரங்குக்காகக் கலந்த ஒலி நம் கூடத்தில் கூர்மையாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். படம் பார்க்கும்போது போட்டுப் பாருங்கள், பாட்டுக்கு வேண்டாம்.

4. ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கும் இடம்

டிவி யூனிட்டின் தட்டில் அழகுக்காக உள்ளே தள்ளி வைத்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் எட்டு அங்குலம் உள்ளே இருந்தது. முன்னால் நீண்டிருக்கும் லேமினேட் பலகை ஒரு கண்ணாடி மாதிரி. மேல் ஒலியைத் தரும் சின்ன ட்வீட்டரிலிருந்து வரும் ஒலி அதில் பட்டுத் தெறித்து, நேராக வரும் ஒலியோடு மோதும். ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்புக்குச் சமமாக, முடிந்தால் அரை அங்குலம் வெளியே வரும்படி இழுங்கள். பக்கவாட்டிலும் பின்னாலும் இருக்கும் வெற்றிடத்தில் பழைய துண்டைச் சுருட்டி அடையுங்கள். ஸ்பீக்கரின் பின்பக்கம் ஓட்டை இருந்தால் அதை மட்டும் மூடாதீர்கள்.

அடுத்தது சாய்வு. டிவிக்குக் கீழே இருக்கும் ஸ்பீக்கர் நம் முழங்காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும். நம் காதுக்கு வருவதில் பெரும்பங்கு டைல்ஸில் பட்டு வந்ததாக இருக்கும். சாய்வுக்கு எளிய கணக்கு இருக்கிறது: காதின் உயரத்துக்கும் ட்வீட்டரின் உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சோபாவின் தூரத்தால் வகுத்து, ஸ்பீக்கர் பெட்டியின் ஆழத்தால் பெருக்குங்கள். எனக்குக் காது 3 அடி உயரத்தில், ட்வீட்டர் ஒன்றரை அடியில், தூரம் 10 அடி, பெட்டியின் ஆழம் 10 அங்குலம். வந்த விடை 1.5 அங்குலம். முன்பக்கத்தை அவ்வளவு தூக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கதவுக்கு வைக்கும் ரப்பர் ஆப்பு இரண்டு வாங்கினேன், எண்பது ரூபாய்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹார்ன் வகை (புனல் போன்ற வாய் உள்ள) ட்வீட்டர் இருந்தால் நேராகக் காதுக்குக் குறிவைக்கும்போது இன்னும் கூர்மையாகலாம். அப்போது தலைக்கு அரையடி மேலே போகும்படி சாய்த்துக் கேளுங்கள். முன்னால் இருக்கும் துணி வலையையும் கழற்றாதீர்கள். பல ஸ்பீக்கர்களில் அதைப் போட்டால் மேல் ஒலி சிறிதளவு அடங்கும்.

படுக்கவைத்த பெட்டியில் நடுவே ட்வீட்டர், இருபுறமும் வூஃபர் என்று இருந்தால், சோபாவின் ஓரத்தில் உட்காருபவருக்குக் குரல் வேறு மாதிரி கேட்கும். இரண்டு வூஃபரின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேராததால் நடு அலைவரிசையில் பள்ளம் விழும். இதை ஈக்யூவால் சரிசெய்ய முடியாது. அடிக்கடி கேட்பவர் நடுவில் உட்காரட்டும். எங்கள் வீட்டில் அப்பாவின் இடம் மாறியது.

5. அறை

நம் ஊர் அடுக்குமாடிக் கூடங்களில் சிக்கலின் பாதி இங்கேதான். விட்ரிஃபைடு டைல்ஸ், பால்கனிக்குக் கண்ணாடிக் கதவு, வெறும் சுவர், நடுவில் கண்ணாடி டீபாய். மேல் ஒலி எதிலும் அடங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுக்கூடத்தில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய பிறகு கணகணவென்று ஒரு வால் தொங்கினால் நான் சொல்வது புரியும்.

காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன் வீட்டில் இருப்பதை வைத்துப் பாருங்கள். ஒரு ஞாயிறு காலை நான் படுக்கையறையிலிருந்து இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை இழுத்து வந்து, ஒன்றைக் கண்ணாடிக் கதவிலும் இன்னொன்றை எதிர்ச்சுவரிலும் சாய்த்தேன். டீபாயைச் சமையலறைக்குத் தள்ளினேன். தரையில் போர்வைகளை நான்கு மடிப்பாக விரித்தேன். மனைவியின் பதிவைப் போட்டால் 'செஞ்சி' என்பதில் இருந்த சீறல் பாதிக்கு மேல் போயிருந்தது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். தரை விரிப்பை எடுத்ததும்தான் அதிகமாகத் திரும்பி வந்தது. அதனால் முதல் செலவு கார்பெட்டுக்கு என்று முடிவாயிற்று. உங்கள் வீட்டில் அது திரைச்சீலையாக இருக்கலாம். சோதிக்காமல் வாங்காதீர்கள்.

கார்பெட் தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய ஜமக்காளம் பார்க்க அழகு, ஒலிக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. ஐந்துக்கு ஏழு அடியில் தடித்த கார்பெட்டும் அடியில் போடும் ஃபெல்ட்டும் சேர்த்து எனக்கு 4,800 ரூபாய். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுப்பகுதியை அது மூட வேண்டும். சோபாவுக்கு அடியில் போட்டு என்ன பயன்? திரைச்சீலை வாங்கினால் கதவின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுத்து, கொசுவம் நிறைய விழும்படி தைக்கச் சொல்லுங்கள்.

பக்கச் சுவரில் எங்கே ஒலி பட்டு வருகிறது என்று பார்க்க, ஒருவர் சோபாவில் உட்கார, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்த வேண்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் ஒலியை உறிஞ்சும் பேனல் வேண்டும். அதற்குள் வைக்க 50 மில்லிமீட்டர் தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி உள்ள ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்யும் பஞ்சு போன்ற பலகை) கேட்டு வாங்குங்கள். மரச்சட்டம், காடா துணி, ராக்வூல் எல்லாம் சேர்த்து நாலுக்கு இரண்டடி பேனல் ஒன்றுக்கு எனக்கு ஏறக்குறைய 1,300 ஆயிற்று. தச்சர் ஒரு நாளில் முடித்தார். ராக்வூலைத் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், இல்லாவிட்டால் இரண்டு நாள் அரிக்கும். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போட வேண்டாம். பேனலுக்குக் கால் வைத்து நிறுத்திவிடலாம், சுவருக்கும் பேனலுக்கும் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

முட்டை அட்டை ஒட்டாதீர்கள். அரை அங்குல ஃபோம் ஷீட்டும் வேண்டாம். இவை உச்ச ஒலியைத்தான் அதிகம் உறிஞ்சும், அதற்குக் கீழே போகப் போகப் பெரும்பகுதியை விட்டுவிடும். அறை மந்தமாகவும் குரல் கூர்மையாகவும் கேட்கும், இரண்டு கெடுதலும் ஒரே நேரத்தில்.

6. தானியங்கி அளவீட்டை மறுபடி ஓட்டுங்கள்

இடமும் அறையும் மாறிவிட்டதால் பழைய அளவீடு செல்லாது. இரவு பதினொன்றுக்கு மேல் அல்லது விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டுங்கள். மின்விசிறி, ஏசி, பிரிட்ஜ் மூன்றும் அணைந்திருக்க வேண்டும். மைக்கைச் சோபாவின் மேல் வைக்காமல் ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்துங்கள். சோபாவின் முதுகு உயரமான ரெக்சின் என்றால் அதன் மேல் தடித்த துண்டு போடுங்கள், இல்லாவிட்டால் அங்கே பட்டுத் தெறிப்பதையும் மைக் சேர்த்து அளக்கும். முதல் அளவு முக்கியமான இருக்கையில். மற்றவை அதிலிருந்து ஓரிரு அடிக்குள். முழு வேலைக்கும் அரை மணி நேரம்.

முடிந்ததும் எந்த வகைத் திருத்தம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ரிசீவரின் தானியங்கி அளவீடு ஆடிஸி என்றால் 'ஃபிளாட்' வேண்டாம், 'ரெஃபரன்ஸ்' வையுங்கள். அதில் மேல் ஒலி சற்றுச் சரியும். யமஹாவின் ஒய்பிஏஓ என்றால் 'நேச்சுரல்'. பிறகு கிராஸ்ஓவரையும் லெவலையும் மறுபடி சரிபாருங்கள். அளவீடு முடிந்ததும் அவை மாறியிருக்கும். இதை மறந்ததால் எனக்கு 150 திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது.

7. மிச்சமிருப்பதை அளந்து குறையுங்கள்

இதுவரை செய்ததிலேயே பெரும்பாலான வீடுகளில் தொல்லை தீர்ந்துவிடும். எனக்குக் கொஞ்சம் மிச்சமிருந்தது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் யூமிக்-1 என்ற யுஎஸ்பி மைக்கும் இருந்தால் கண்ணால் பார்த்துத் திருத்தலாம். மைக்கை நண்பரிடம் இரவல் வாங்க முயலுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்படாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி சேரும், கூரியர்காரர்கள் அடையாள ஆவணமும் கேட்பார்கள். அதைத் தயாராக வைத்திருந்தால் பார்சல் தேங்காது. மைக்கின் சீரியல் எண்ணுக்கு உரிய திருத்தக் கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்தில் இறக்கி மென்பொருளில் ஏற்ற மறக்காதீர்கள். அது இல்லாமல் அளந்தால் மேல் ஒலி அளவுகளை நம்ப முடியாது. மடிக்கணினியை எச்டிஎம்ஐ வழியாகச் செருகினால் மூன்றாவது சேனல்தான் சென்டர். விண்டோஸில் அதற்கு ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற இலவச டிரைவர் உதவும்.

இடது ஸ்பீக்கரையும் சென்டரையும் ஒரே இடத்தில் மைக்கை வைத்து அளந்து, இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுங்கள். சென்டர் எங்கே இடதைவிட மேலே நிற்கிறதோ அதுதான் உங்கள் கூர்மை. எனக்கு 2,500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய 3 டெசிபல் மேடு. சீறல் மட்டும் என்றால் 5,000 முதல் 8,000 பக்கம் தேடுங்கள்.

மேட்டைக் குறையுங்கள், பள்ளத்தை நிரப்பாதீர்கள். 2 டெசிபல் குறைத்துவிட்டு ஒரு வாரம் கேளுங்கள். ரிசீவரின் கிராஃபிக் ஈக்யூவில் 4 கிலோஹெர்ட்ஸில் மைனஸ் 2, 2 கிலோஹெர்ட்ஸில் மைனஸ் 1 என்று தொடங்கலாம். ஆனால் டெனான், மராண்ட்ஸில் கிராஃபிக் ஈக்யூ போட்டால் ஆடிஸி அணைந்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் ஆடிஸியின் கட்டண ஆப் மூலம்தான் வளைவைத் திருத்த வேண்டும். உங்கள் மாடலுக்கு அது உண்டா என்று வாங்கும் முன்னரே பாருங்கள். 5 டெசிபலுக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் படி 4-க்கும் 5-க்கும் திரும்புங்கள், அங்கே எதையோ விட்டிருக்கிறீர்கள்.

8. இவ்வளவுக்குப் பிறகும் கூசினால்

ஸ்பீக்கரின் பின்னால் நான்கு முனைகள், நடுவில் உலோகப் பட்டை என்று இருந்தால் பெட்டியைத் திறக்காமல் ட்வீட்டரை மட்டும் தணிக்கலாம். ரிசீவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிவப்பு முனைகளை இணைக்கும் பட்டையை எடுத்து, அந்த இடத்தில் 1 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். கறுப்புப் பட்டை அப்படியே இருக்கட்டும். ரிசீவரிலிருந்து வரும் ஒயர் வூஃபருக்கு உரிய ஜோடியில் இருக்க வேண்டும். எது எதற்கு உரியது என்று முனைகளின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். 8 ஓம் ட்வீட்டரில் இது ஏறக்குறைய 1 டெசிபல் குறைக்கும், 2 ஓம் வைத்தால் 2 டெசிபலுக்குப் பக்கத்தில். சென்னை ரிச்சி தெருவில் ஒன்று முப்பது ரூபாய்க்குள் கிடைக்கும். கால்கள் எதன் மேலும் உரசாமல் ஸ்லீவ் போடுங்கள், ரெசிஸ்டர் சூடாகும். பெட்டியைத் திறந்து உள்ளே வைக்க வேண்டாம், வாரன்ட்டி போய்விடும்.

இரண்டு முனை மட்டும் இருக்கும் ஸ்பீக்கர், ஸ்டூலில் வைத்துக் கிட்டத்தில் கேட்டாலும் கூசுகிறது, மாற்றித் தரும் நாட்களும் மிச்சம் இருக்கின்றன என்றால் மாற்றுங்கள். இடது வலது ஸ்பீக்கர்கள் எந்த வரிசையோ அதே வரிசையின் சென்டரையே கேளுங்கள், அப்போதுதான் மூன்றின் குரலும் ஒன்றாக இருக்கும். கடைக்குப் போகும்போது நோட்டும், இரண்டு கோடுகள் இருக்கும் அளவீட்டுப் படமும், உங்கள் வீட்டுக் குரல் பதிவும் கையில் இருக்கட்டும். கடையின் டெமோ அறை முழுக்கக் கார்பெட்டும் திரையும் போட்டிருக்கும், அங்கே எல்லாமே இனிமையாகக் கேட்கும். அதனால் புதியதை ஒரு வார இறுதிக்கு வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டுப் பணம் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு சம்மதிக்கும் கடைகள் இருக்கின்றன, சனிக்கிழமை மாலை எடுத்துத் திங்கள் காலை திருப்புவதாக எழுதிக் கொடுத்தால் போதும்.